ஆர்க்கிட் இலை கிழிந்தது, பட்டைத்தூள் போட்டும் அழுகல் நிற்கவில்லை. உதவி தேவை

மாடித்தோட்டம், சென்னை:
வணக்கம். மகள் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட். ஐந்து வருடமாகத் தவறாமல் பூக்கிறது. போன வாரம் மழைக்காற்றில் தொட்டி சரிந்து, ஓர் இலை நுனியிலிருந்து பாதிவரை கிழிந்தது. ஒரு வேரும் முறிந்தது. பூஞ்சை வந்துவிடுமோ என்று பயந்து இலை, வேர், தொட்டி எல்லாவற்றிலும் சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டைத்தூளைத் தாராளமாகத் தூவினேன். கிழிசலின் ஒரு ஓரம் காய்ந்துவிட்டது. மறு ஓரத்தில் நேற்று மிளகளவு இருந்த பழுப்புப் புள்ளி, இன்று காலை ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு வந்திருக்கிறது. வெந்நீரில் போட்ட கீரை மாதிரி ஒரு பளபளப்பு, சுற்றிலும் மஞ்சள் வளையம். வேர்களும் சுருங்கியிருக்கின்றன. இன்னும் கொஞ்சம் தூள் போடலாமா?

மலைச்சாரல், ஏற்காடு:
வேண்டாம் அம்மா, தூளைத் தொடாதீர்கள். அந்த இடத்தை மெதுவாக அழுத்திப் பாருங்கள். நீர் கசிகிறதா? நாற்றம் உண்டா?

மாடித்தோட்டம், சென்னை:
அழுத்தியதும் தோல் கழன்று தண்ணீர் வந்தது. அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம்.

மலைச்சாரல், ஏற்காடு:
கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இது பூஞ்சையாகத் தெரியவில்லை. நாற்றமும் நீரும் இந்த வேகமும் பாக்டீரியா மென்னழுகலின் அடையாளங்கள். காயத்தின் வழியே புகுந்திருக்கிறது. இன்றைக்கே வெட்டிவிடுங்கள். ஒரு கார்த்திகை மழையில் இதேபோல் ஓர் இலையை "காலையில் பார்க்கலாம்" என்று விட்டேன். விடிவதற்குள் குருத்து கையோடு வந்துவிட்டது. டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வகைக்கு ஒரு தண்டு போனாலும் அடுத்த தண்டு இருக்கும். ஃபெலனாப்சிஸுக்கு இருப்பது ஒரே குருத்து. அடியில் பக்கக் கன்று விட்டால்தான் பிறகு உயிர்.

புது சவர பிளேடு எடுத்துக்கொள்ளுங்கள். பழுப்பு முடியும் இடத்தில் வெட்டக்கூடாது. நல்ல பச்சைக்குள் 2 செ.மீ. தள்ளி வெட்டுங்கள். வெட்டுமுகத்தில் பழுப்புக் கோடு தெரிந்தால், பிளேடை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு இன்னும் உள்ளே போங்கள். வேலை முடிந்ததும் பிளேடை எறிந்துவிடுங்கள், அடுத்த செடிக்கு அது வேண்டாம். ஆர்க்கிட்களைத் தாக்கும் சிம்பிடியம் மொசைக் வைரஸ் செடிச்சாற்றில் ஒட்டிக்கொண்டு இப்படித்தான் செடிக்குச் செடி தாவுகிறது. ஸ்பிரிட் அதற்கு நம்பகமான மருந்தல்ல. கத்தரி என்றால் தீயில் பழுக்கக் காட்ட வேண்டும்.

பட்டைத்தூள் வெட்டுமுகத்தில் மட்டும், பஞ்சுக்குச்சியால் ஒரு சிட்டிகை போதும். அதிலுள்ள சின்னமால்டிஹைடு பூஞ்சையை அடக்கும், தூள் ஈரத்தையும் இழுக்கும். இலைக் காயத்துக்கு அது நல்லது. வேருக்கு அதுவே கேடு. வேரைப் போர்த்தியிருக்கும் வெள்ளைப் பஞ்சுறைதான் தண்ணீரைப் பிடித்து வைப்பது. தூள் அதை வறட்டிவிடும். உங்கள் வேர்கள் சுருங்கியதற்கு அதைத்தான் சந்தேகிக்கிறேன். செடியை நிமிர்த்திப் பிடித்து, வாளித் தண்ணீரில் வேரை மட்டும் அலசுங்கள். இலையில் ஒரு துளியும் படக்கூடாது. முறிந்த வேரை இன்னொரு புது பிளேடால் நறுக்கி, புதிய தேங்காய் மட்டைத்துண்டும் கரியும் போட்டு நடுங்கள்.

பசுமைக்கை, கோவை:
எங்கள் வீட்டில் மஞ்சள்தூள்தான் வைப்போம், கெட்டதில்லை. கடையில் கார்பென்டாசிம் தெளிக்கச் சொல்கிறார்களே, தெளிக்கலாமா?

வேளாண் மாணவி, மதுரை:
கார்பென்டாசிம் பூஞ்சைக்கான மருந்து, பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. ஃபைட்டோப்தோராவால் வரும் கருப்பழுகலுக்கும் அது பயன்படாது. அந்தக் கிருமி உண்மையான பூஞ்சை வகையே அல்ல. அதற்கு மெட்டலாக்சில் தேவை. பாக்டீரியாவுக்குத் தாமிர ஆக்சிகுளோரைடு உதவும், ஆனால் பக்கத்தில் டென்ட்ரோபியம் இருந்தால் அதன்மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; தாமிரம் அதைக் கருக்கிவிடும். மஞ்சளோ பட்டையோ எதை வைத்தாலும், இலைமேல் ஈரம் நின்றால் பயனில்லை. மழைச்சாரல் படாத இடத்தில், மெதுவாகச் சுழலும் மின்விசிறிக் காற்றில் வையுங்கள். மூன்று நாள் தண்ணீர் வேண்டாம். பிறகு காலையில் மட்டும், வேருக்கு மட்டும். குருத்தில் தண்ணீர் தேங்கினால் துணி நுனியால் ஒற்றி எடுங்கள்.

மாடித்தோட்டம், சென்னை:
பன்னிரண்டு நாள் ஆகிறது. முதல் வெட்டிலேயே பழுப்புக் கோடு தெரிந்தது. இரண்டாம் முறை உள்ளே போன பிறகுதான் சுத்தப் பச்சை வந்தது. வெட்டிய ஓரம் இப்போது வெங்காயச் சருகு போல் காய்ந்து நிற்கிறது, நாற்றம் இல்லை. இரண்டு வேர்கள் போய்விட்டன. நேற்று அடியில், அரிசியளவு பச்சை முனையோடு ஒரு புது வேர் எட்டிப் பார்க்கிறது. எத்தனை முறை போய்ப் பார்த்தேன் என்று கணக்கில்லை. எல்லோருக்கும் நன்றி. பாதி இலை பார்க்க அழகாக இல்லை, எடுத்துவிடட்டுமா?

மலைச்சாரல், ஏற்காடு:
எடுக்காதீர்கள் அம்மா. அந்தப் பாதியும் செடிக்குச் சோறு சமைக்கிறது. எடுத்தால் புதுக் காயம் வேறு. தானாக மஞ்சளாகித் தொட்டதும் கழன்று வரும், அதுவரை இருக்கட்டும்.