கோயில் மேளம், கூத்து, வீணை: ரெக்கோடரோடு போனவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோண்டாவில் வாசி:
சின்ன ரெக்கோடர் வாங்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். எங்கள் கோயில் பூங்காவனத் திருவிழா, வசந்த மண்டபத்துக்கு முன்னால் மேளச்சமா (மேளக் கச்சேரி), இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில். "லெவலை ஓட்டோவில விட்டாக் காணும், மிச்சத்தை அது பாக்கும்" என்று கடையில் சொல்லித் தந்த ரெக்கோடர். அடுத்த நாள் பதிவை நாதஸ்வரம் வாசித்த ஐயாவிடமே கொண்டுபோய் ஹெட்போனில் கேட்கக் கொடுத்தேன். தோடி ஆலாபனை முடியும் வரைக்கும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டவர், தவில் சேர்ந்ததும் நிறுத்திவிட்டார். தவிலின் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் (முடிப்பு அடிக்கும்) பிறகு நாதஸ்வரம் அடியில் போய்விடுகிறது, இரண்டு மூன்று வினாடி கழித்துத்தான் மெல்ல மெல்ல மேலே வருகிறது. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, "தம்பி, என்ரை வாயை ஆரோ கையால பொத்திப் பொத்தி விட்டமாதிரிக் கிடக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அந்த முகம் இன்னும் என்னை விடவில்லை. ஓட்டோ லெவல் கூட்டத்துப் பேச்சுக்கு இருக்கட்டும். பெரிய சத்தம் வந்தவுடன் அது எல்லாவற்றையும் சேர்த்து இறக்கிவிட்டுப் பிறகு ஏற்றும், தவில் இருக்கிற இடத்தில் அது கூட நிற்கிற நாதஸ்வரத்தைத்தான் தின்னும்.

சுன்னாகம் ரவல்ஸ்:
அண்ணை, 32 பிட் ஃபுளோட் (பெரிய சத்தமும் சின்னச் சத்தமும் உடையாமல் கோப்பில் அடங்குகிற பதிவு முறை) ரெக்கோடர் வந்தபிறகு இந்தத் தொல்லையே இல்லை. என்னிடம் இருப்பது ஸூம் எஃப்3, 2022இல் வந்தது. எக்ஸ்எல்ஆர் மைக் இரண்டு கொழுவலாம், லெவலை ஏற்றி இறக்குகிற கெயின் திருகு என்ற ஒன்றே கிடையாது. ஒரு சமாவில் நல்லாய் ஓய்ந்து போய்க்கொண்டிருந்த தவில் தனி திடீரென்று மேல்காலத்துக்கு ஏறியது. பக்கத்தில் நின்று பதிவு செய்தவர்கள் எல்லோரும் குனிந்து திருகைத் தேடினார்கள். எனக்குத் தொட ஒன்றும் இல்லாதபடியால் வித்துவானின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், விரல் கூடுகள் தனித்தனியாய்த் தெரியவில்லை, வெள்ளையாய் ஒரு கோடுதான். வீட்டில் கணினியில் திறந்தபோது அலை மேல் விளிம்பில் முட்டித் தட்டையாய் நின்றது. 12 டெசிபெல் இறக்கினேன், ஒவ்வொரு அடியும் முனை உடையாமல் வந்தது. காசைச் சேர்த்து இதையே வாங்குங்கள்.

அளவெட்டியான்:
சுன்னாகம் தம்பி சொல்வது பாதிதான் சரி. ஃபுளோட் காப்பாற்றுவது ரெக்கோடருக்குள் நடப்பதை. மைக்கின் சவ்வே தாங்காமல் போனால் எந்த பிட்டும் உதவாது. கனடாவில் இருந்து வந்த மச்சான் ஸூம் எச்1 எசென்ஷியல் கொண்டு வந்தார், அதுவும் 32 பிட் ஃபுளோட்தான், ஆனால் அதன் மைக் தாங்குவது 120 டெசிபெல் மட்டும். தேரன்று கூட்டம் தள்ளித் தள்ளி அவரை நாதஸ்வரத்தின் அணைசுக்கு (விரிந்த வாய்ப் பக்கத்துக்கு) நேரே, ஒரு முழத் தூரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. வித்துவான் மேல் சட்சத்தில் நின்று நீட்டினார். நேரில் கேட்ட எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பதிவில் அந்த இடம் கிழிந்த துணி. எவ்வளவு இறக்கினாலும் கிழிசல் சின்னக் கிழிசலாகிறதே தவிர ஒட்டவில்லை.

நாதஸ்வரத்துக்கு வாங்குகிறவர்கள் முதலில் மைக் எத்தனை டெசிபெல் தாங்கும் என்று பாருங்கள். ஸூம் எச்5உடன் வரும் மைக் 140 வரை தாங்கும், அதில் 12 டெசிபெல் குறைத்து இன்னொரு பிரதியையும் சேர்த்தே பதியலாம், டஸ்காம் டிஆர்-40எக்ஸிலும் அதுபோல உண்டு. தனி மைக் என்றால் ரோட் என்டி5, 143 வரை. அதைவிடப் பெரிய விசயம் எங்கே வைப்பது என்பது. திறந்த வெளியில் தூரத்தை இரண்டு மடங்காக்கினால் 6 டெசிபெல் இறங்கும், காசு செலவில்லை. மண்டபத்துக்குள் சுவர்ச் சத்தம் சேர்வதால் அவ்வளவு இறங்காது, அதற்காகப் பின்னுக்குப் பின்னுக்குப் போனால் எல்லாம் கிணற்றுக்குள் போய்விடும். நான் ஏழெட்டு அடியில், வாசிக்கிறவர்களின் தலைக்கு மேலே ஸ்டாண்டை உயர்த்தி, மைக்கைக் கொஞ்சம் கீழே பார்க்க வைப்பேன். அணைசு ஆளோடு சேர்ந்து ஆடும், நேரே பிடித்தால் சத்தம் வந்து வந்து போகும். தவிலில் கழியால் அடிக்கிற இடது பக்கமான தொப்பிப் பக்கமே நின்றால் கழியின் அடிதான் கேட்கும், வலது பக்கமான வலந்தலையில் விரலால் விழுகிற சொற்கள் தேய்ந்துவிடும், ஆகவே நடுவில் நில்லுங்கள். மண்டபத்துக்குள் லோ கட் (அடிச் சத்தத்தை வெட்டுகிற வசதி) போடாதீர்கள், தொப்பியின் அடிநாதம் மெலியும். வெளிவீதியில் மயிர் உறை இல்லாமல் மைக்கை வெளியே எடுக்கவே வேண்டாம், கச்சான் காற்றுக் காலத்தில் அதுகூடப் போதாது. தவில் தட்சிணாமூர்த்தியும் நாதஸ்வரம் பத்மநாதனும் வாசித்த மண் இது, கிடைக்கிற பதிவையாவது ஒழுங்காய்ச் செய்ய வேண்டாமா?

காரைநகர் கடற்காற்று:
எங்கள் பக்கம் காத்தவராயன் கூத்து விடிய விடிய நடக்கும். ஆர்மோனியமும் மத்தளமும் சத்தத்தில் தொல்லை தருவதில்லை, தொல்லை தந்தது கரண்ட். ரெக்கோடருக்குப் பந்தல் வயரில் இருந்துதான் மின்சாரம். கழுமரம் ஏறுகிற கட்டம், சனம் நித்திரை முறித்து எழும்பி முன்னுக்கு வந்துவிட்டது, சிந்து உச்சத்தில், ஜெனரேற்றர் நின்றது. பாடினவர் நிறுத்தவே இல்லை, இருட்டுக்குள் மத்தளத்தோடு தொடர்ந்தார், இரவு முழுவதிலும் மிக நல்ல பாட்டு அதுதான். ரெக்கோடர் செத்துப்போய் இருந்தது, ஓடிக்கொண்டிருந்த கோப்பும் திறக்கவில்லை. 24 பிட் 48 கிலோஹேர்ட்ஸில் 2 ஜிபி என்றால் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம், பல ரெக்கோடர்கள் அதில் கோப்பை முடித்துப் புதியதைத் தொடங்கும், அதனால் முன்னைய பகுதிகள் தப்பின. வெளி மின்சாரம் இருந்தாலும் உள்ளே பற்றரி போட்டு வையுங்கள், கட்டத்துக்குக் கட்டம் நிறுத்தித் தொடங்குங்கள். ரீசார்ஜ் பற்றரி என்றால் மெனுவில் அந்த வகையைத் தெரிவு செய்யுங்கள், 1.2 வோல்ட் என்பதால் இல்லாவிட்டால் அளவு பிழையாய்க் காட்டும்.

மானிப்பாய் வீணை:
எல்லோரும் தாங்குமா தாங்குமா என்றே கதைக்கிறீர்கள். எனக்கு வந்தது மறுபக்கத் தொல்லை. என் குரு வீணையில் தானம் (தாளமில்லாத ராக விரிவு) வாசித்தார், வீட்டு முன் அறை, ஜன்னல்கள் சாத்தி, மின்விசிறி நிறுத்தி. மந்தரத் தந்தியை ஒரே ஒரு முறை மீட்டிவிட்டு இடது கையால் மட்டும் இழுத்து இழுத்து மூன்று சுரங்களை எடுத்தார், மூன்றாவது இழுப்பு காதைக் கிட்டக் கொண்டுபோனால்தான் கேட்கும். அந்த மூன்றாவதைக் கேட்கத்தான் அவரிடம் படிக்க வந்தேன். பதிவில் இரண்டாவதுக்குப் பிறகு "ஸ்ஸ்" என்ற இரைச்சல் மட்டும்தான். ரெக்கோடரின் உள்மைக்கும் அதன் சத்தத்தைப் பெருக்குகிற ப்ரீஆம்பும் போடுகிற இரைச்சல் அது, மேளத்தில் ஒருவருக்கும் தெரியாது.

அளவெட்டி அண்ணை, நீங்கள் சொன்ன என்டி5இன் சொந்த இரைச்சல் 16 டெசிபெல். ரோட் என்டி1-ஏ 5தான். வீணைக்கு நான் பார்ப்பது அந்த எண்ணைத்தான். அப்புறம் ஏழெட்டு அடி இங்கே சரிவராது, குடத்துக்கும் மெட்டுகளுக்கும் நடுவே பார்க்க, இரண்டு அடிக்குள்.

அளவெட்டியான்:
அக்கா, இரண்டு அடியில் மெட்டில் விரல் உரசுகிற சத்தமும் சேர்ந்து வருமே. மூன்றரை அடி வைத்துப் பாருங்கள்.

மானிப்பாய் வீணை:
வரட்டும். உரசல் இல்லாமல் கமகம் எங்கே இருக்கிறது? இரைச்சலோடு மூன்றரை அடியை விட உரசலோடு இரண்டு அடி எனக்குப் போதும்.

சுன்னாகம் ரவல்ஸ்:
அக்கா, என்டி1-ஏக்கு மைக் வயர் வழியே 48 வோல்ட் மின்சாரம் வேண்டும், எஃப்3 அதைத் தரும், அதன் ப்ரீஆம்பும் இரைச்சல் குறைந்தது. கணவாய் மாதிரி வயர் இழுக்காமல் இரண்டு ஏஏ பற்றரியிலேயே ஓடும், ஆனால் 48 வோல்ட் போட்டால் பற்றரி கெதியாய் இறங்கும், பவர்பேங்க் ஒன்றும் வையுங்கள். மைக்கைப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், மாரியில் ஈரம் ஏறினால் அந்த 5 டெசிபெல் மைக்கும் பொரிந்து பொரிந்து சத்தம் போடும்.