அளவைக் கோப்பு: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

தஞ்சாவூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். அச்சுப்பக்கம் கோக்கும் டெக் மென்பொருளின் ஆய்வக வகுப்புக்குக் கையேடு எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை அச்சகம் போகவேண்டும். டிஎஃப்எம் என்ற எழுத்துரு அளவைக் கோப்பில் ஒவ்வோர் எழுத்தின் அகலம், உயரம், அடியிறக்கம், எந்த எழுத்தோடு எது நெருங்கும் என்பதெல்லாம் இரும எண்களாக அடைந்து கிடக்கின்றன. எடிட்டரில் திறந்தால் வெறும் குப்பை. டிஎஃப்டுபிஎல் நிரலை ஓட்டினால் அதுவே பெயரும் அடைப்புக்குறியுமாகப் பட்டியலாகிவிடும். சிஎம்ஆர்10 எழுத்துருவில் ஆங்கிலப் பெரிய ஏ-க்கு அகலம் 0.750002, உயரம் 0.683332 என்று கண்ணால் பார்க்கலாம். எழுத்துருவின் வடிவமைப்பு அளவை (எந்த அளவில் அச்சிட அதை வரைந்தார்களோ அதை) 1 என்று வைத்த கணக்கு இது.

இந்த வேலைக்குப் பெயர் என்ன? 'மனிதர் படிக்கத்தக்க வடிவாக்கம்' என்று பலகையில் எழுதினேன். "மாடு படிக்கிற வடிவமும் உண்டா சார்?" என்றான் கடைசி பெஞ்சுக்காரன். 'இரும' என்றதற்கு ஏற்கெனவே வகுப்பே இருமிக் காட்டியிருந்தது.

மன்னார்குடியிலிருந்து:

தம்பி, முதலில் 'அளவை'யைத் தூக்குங்கள். காண்டலளவை, கருதலளவை என்று தருக்கம் பேசுகிறவர்கள் சொத்து அது. தொல்காப்பியர் மாத்திரையை 'அளபு' என்கிறார். எழுத்துக்கு அளவு சொல்ல அதைவிடப் பழைய சொல் ஏது? அளபுக் கோப்பு என்றே வையுங்கள்.

கும்பகோணத்திலிருந்து:

அண்ணா, அளபு காதுக்கு உரியது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. இங்கே பேசுவது தாளில் அடைக்கும் இடத்தை. 'இ' குறில்தான், ஆனால் 'ா' என்ற துணைக்காலைவிட எவ்வளவு அகலம்!

கேள்வி வினைக்குத்தானே? நான் 'பதம் பிரித்தல்' என்பேன். பழம்பாட்டு சந்தியோடு ஒட்டிக் கிடந்தால் பிரித்து அச்சிடுகிறோம், வேண்டுமானால் திரும்பச் சேர்க்கிறோம். இங்கும் பட்டியலைத் திருத்தி பிஎல்டுடிஎஃப் நிரலில் கொடுத்தால் மறுபடி டிஎஃப்எம் ஆகிவிடும். போய்த் திரும்பி வரமுடிகிறது என்பது சொல்லிலேயே தெரியவேண்டும். 'மொழிபெயர்ப்பு' என்று வைத்தால் அது தெரியாது.

மன்னார்குடியிலிருந்து:

பதம் வடசொல்.

கும்பகோணத்திலிருந்து:

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அதுவுமா?

மன்னார்குடியிலிருந்து:

அந்தப் பதம் வேறு. அது பக்குவம். அதன் வேரைப் பற்றித் தனியே நாலு பக்கம் எழுதுகிறேன்.

திருவாரூரிலிருந்து:

எழுதும்வரை நான் கொஞ்சம் கணக்குப் பேசிக்கொள்கிறேன். டிஎஃப்எம்-இல் தசமப் புள்ளியே கிடையாது. ஒவ்வோர் அளவும் 10,48,576-இல் எத்தனை பங்கு என்ற முழு எண்ணாகத்தான் இருக்கிறது. நம் பழைய பின்னக் கணக்கான கீழ்வாய் இலக்கமும் அப்படித்தானே? முந்திரி 320-இல் ஒன்று, காணி 80-இல் ஒன்று, மா 20-இல் ஒன்று. நிலத்திலும் 20 மா ஒரு வேலி. எங்கள் தாத்தா குத்தகைக் கணக்கு எழுதின நோட்டைத் திறந்தால் எனக்கு அதுவும் டிஎஃப்எம்தான். பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொன்னால்தான் புரியும். ஆகவே 'கணக்கவிழ்ப்பு'.

(குறுவைக்கு நாற்று விட்டாயிற்று, இரண்டு நாள் பதில் வராது.)

மயிலாடுதுறையிலிருந்து:

அவிழ்ப்பு என்றால் சுருக்கிய கோப்பை விரிப்பது என்று நினைத்துக்கொள்வார்கள் அண்ணே. இன்று புதன். கையேட்டில் ஒரே வரி போதும்: 'அளவைக் கோப்பைப் பட்டியலாக விரித்தல்'. யாருக்கும் அகராதி வேண்டாம்.

கும்பகோணத்திலிருந்து:

திரும்பிச் சேர்க்கலாம் என்பது இதில் இல்லையே. சரி, அச்சகம் காத்திருக்காது. ஒப்புக்கொள்கிறேன்.

மன்னார்குடியிலிருந்து:

நான் ஒப்பவில்லை. எண்ணுக்கு எண் பெயர் சொல்லிப் போகிற பட்டியலுக்குப் 'பதவுரை' என்ற பேர் இருக்கும்போது... ஆம், அதிலும் பதம் வருகிறது, தெரியும். 'சொல்லுரை' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து:

மூவர் ஒப்பு, ஒருவர் மறுப்பு, ஒருவர் வயலில். மயிலாடுதுறை அம்மா சொன்னதே அச்சுக்குப் போயிற்று. இன்று வகுப்பில் கொடுத்தேன். 'அளவைக் கோப்பைப் பட்டியலாக' என்பதைப் படித்துவிட்டு அதே பையன் எழுந்தான்: "அளவைக் கோப்பைன்னா, இருமல் மருந்தோட வருமே அதுவா சார்?"