காளான் சூப் ஊட்டியில் ருசிக்கிறது, கோயம்புத்தூரில் சப்பென்று இருக்கிறது. ஏன்?

கேத்தி_காளான்:
வணக்கம். ஊட்டிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஷெட் போட்டுப் பட்டன் காளான் வளர்க்கிறோம். விற்காமல் மிஞ்சுவதை நறுக்கி, ட்ரையரில் 50 டிகிரியில் காயவைத்து, சூப்புக்கென்று பாக்கெட் போட்டுக் கொடுக்கிறோம். உப்புகூடச் சேர்ப்பதில்லை. வீட்டில் ராத்திரி பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரோடே அடுப்பில் ஏற்றினால் ஆட்டுக்கால் சூப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், பொய்யில்லை.

இப்போது கோயம்புத்தூரில் வாங்கும் ஒருவர் "சப்பென்று இருக்கிறது, பழைய சரக்கா?" என்கிறார். போன வாரம் எங்கள் வீட்டுக்கே வந்து குடித்த இன்னொருவர் "இதில் 635 போட்டிருக்கிறீர்கள், நூடுல்ஸ் மசாலா ருசி அப்படியே வருகிறது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இரண்டு பேருக்கும் ஒரே தடவை காயவைத்த சரக்குதான். மலை மேலே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, அதுதான் காரணம் என்கிறான் என் தம்பி. சரிதானா? பாக்கெட்டில் "635 இல்லை" என்று அச்சடித்துவிடலாமா?

நொதிப்பித்தன்:
சூடு குறைவு என்று தம்பி பிடித்தது சரி, இடத்தைத்தான் மாற்றிப் பிடித்திருக்கிறார். காரணம் அடுப்பில் இல்லை, ராத்திரி ஊறுகிற பாத்திரத்தில் இருக்கிறது.

635 என்பது பாக்கெட்டில் போடும் ருசி கூட்டியின் எண். 627 குவானிலேட்டும் 631 இனோசினேட்டும் சேர்ந்த கலவை, இரண்டுமே ரிபோநியூக்ளியோடைடு உப்புகள், அதாவது ஆர்என்ஏ சங்கிலியின் மணி மாதிரியான துண்டுகள். காளானில் குவானிலேட் தானாகவே உண்டாகும், அதனால் உங்கள் விருந்தாளியின் நாக்கு பொய் சொல்லவில்லை, ஆளைத்தான் தப்பாகச் சந்தேகப்பட்டது. பச்சைக் காளானில் அது சொற்பம். பெரும்பகுதி ஆர்என்ஏ என்ற நீளச் சங்கிலிக்குள் கோத்துக் கிடக்கிறது. காயவைக்கும்போது செல் உடைந்துவிடும், மறுபடி நனைந்து சூடேறும்போது நியூக்ளியேஸ் என்ற நொதி அந்தச் சங்கிலியை மணி மணியாக வெட்டிப் போடும். அது மும்முரமாக வேலை செய்வது 60 முதல் 70 டிகிரியில். ஆனால் கூடவே பாஸ்படேஸ் என்று இன்னொருவன் இருக்கிறான். குவானிலேட்டிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றி வெறும் குவானோசின் ஆக்கிவிடுவான், அதற்கு அந்த ருசி கிடையாது. அவனுக்குப் பிடித்த சூடு 45 முதல் 60, வெதுவெதுப்பிலும் மெதுவாகத் தின்றுகொண்டே இருப்பான். ஒருத்தர் சம்பாதிக்க இன்னொருத்தர் ஊதாரியாக இருக்கிற வீடு மாதிரிதான்.

டிசம்பர் ராத்திரி உங்கள் அடுப்படியே ஃபிரிட்ஜ். காளான் ஊறும், பாஸ்படேஸ் முடங்கிக் கிடக்கும். கோயம்புத்தூர் அடுப்படிச் சூட்டில் ராத்திரி முழுக்க ஊறினால் கதை வேறு. அல்லது அவர் கொதிக்கிற தண்ணீரில் நேரே கொட்டியிருக்கலாம், அப்போது இரண்டு நொதியும் சேர்ந்தே செத்துப்போகும். 93 டிகிரியானாலும் 100 டிகிரியானாலும் அந்தச் சாவில் வித்தியாசமில்லை.

பைப்பெட்_பாண்டி:
ஒரு சந்தேகம். எங்கள் லேபில் ஆர்என்ஏ பிரிக்கும்போது அதை வெட்டும் ஆர்என்ஏஸ் நொதி என்றாலே பேய் மாதிரி பயப்படுவோம், கொதிக்கவைத்தாலும் சாகாது என்பார்கள். காளானில் மட்டும் எப்படிச் சாகிறது?

நொதிப்பித்தன்:
நீங்கள் சொல்வது மாட்டுக் கணையத்து ஆர்என்ஏஸ் ஏ. 124 அமினோ அமிலம், நடுவே நாலு டைசல்பைடு பிணைப்பு, கந்தகத்தால் போட்ட முடிச்சு மாதிரி. குலைத்துப் போட்டாலும் தானாகவே பழைய வடிவத்துக்கு மடிந்துகொள்ளும், அதைக் காட்டியதற்குத்தான் அமெரிக்க விஞ்ஞானி அன்பின்சனுக்கு 1972இல் நோபல் கிடைத்தது. காளானில் இருப்பது வேறு நொதி. இன்னொன்று, ஆர்என்ஏஸ் ஏ வெட்டினால் பாஸ்பேட் 3' பக்கம் (மணிக்குள் இருக்கும் சர்க்கரையின் மூன்றாம் எண் கார்பனில்) ஒட்டிக்கொண்டு வரும், அதில் ருசியே இல்லை. நாக்குக்கு 5' பக்கம், அதாவது ஐந்தாம் எண் கார்பனில் இருக்க வேண்டும். 1950களில் ஜப்பானில் குனினாகா என்ற விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்தார், குளூட்டமேட்டோடு (அஜினோமோட்டோவில் இருப்பது) சேர்ந்தால் ருசி பல மடங்கு ஏறுவதையும் அவர்தான் காட்டினார். பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து வரும் நியூக்ளியேஸ் பி1 சரியாக 5' ஆகவே வெட்டித் தரும். ஈஸ்ட் ஆர்என்ஏவை அதில் வெட்டியும் ஆலைகளில் இந்த உப்புகளைத் தயாரிக்கிறார்கள், நூடுல்ஸ் பாக்கெட் 635க்கும் உங்கள் சூப்புக்கும் வேதியியல் ஒன்றுதான். சூப்பில் ஒரு தக்காளி போட்டுப் பாருங்கள், அதில் குளூட்டமேட் உண்டு.

கோத்தகிரி_டீ:
எனக்கு யூரிக் ஆசிட் தொல்லை, கட்டை விரல் வீங்கினால் இரண்டு நாள் செருப்புப் போட முடியாது. அந்தப் பாஸ்படேஸ் குவானிலேட்டைத் தின்றுவிட்டால் எனக்கு நல்லதுதானே? சப்பென்ற சூப்பே குடிக்கிறேன்.

நொதிப்பித்தன்:
அதுதான் இல்லை அண்ணா. போவது பாஸ்பேட் மட்டும், யூரிக் ஆசிடாக மாறும் பியூரின் பகுதி அப்படியே இருக்கிறது. குவானோசின் குவானின் ஆகி, சாந்தின் ஆகி, சாந்தின் ஆக்சிடேஸ் என்ற நொதி வழியாக யூரிக் ஆசிடில்தான் முடியும். யூரிக் ஆசிடுக்குக் கொடுக்கும் அல்லோபியூரினால் மாத்திரை அடைப்பது இந்தக் கடைசி நொதியைத்தான். ருசியும் போய் யூரிக் ஆசிடும் மிச்சம், அதற்கு நல்ல சூப்பையே குடிக்கலாம். ஈரல், நெத்திலி அளவுக்குக் காளான் பயப்பட வேண்டியதில்லை, ஆனாலும் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேத்தி, லேபிள் விஷயம்: "635 சேர்க்கப்படவில்லை" என்றால் உண்மை. "குவானிலேட் இல்லை" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.

கேத்தி_காளான்:
இன்று மூன்று பாத்திரம் வைத்துப் பார்த்தோம். கொதிக்கிற தண்ணீரில் நேரே போட்டது, அடுப்புக்குப் பக்கத்தில் வெதுவெதுப்பாக ராத்திரி முழுக்க ஊறியது, ஜன்னலோரம் குளிரில் ஊறியது. மூன்றாவதைச் சட்டென்று சூடேற்றி, 65 டிகிரி வந்ததும் தீயைச் சிம்மில் வைத்துப் பத்து நிமிஷம் விட்டுப் பிறகு கொதிக்கவைத்தேன். எது எதென்று சொல்லாமல் அம்மாவிடம் நீட்டினேன். மூன்றாவதைக் குடித்துவிட்டு "இதில் மட்டும் எலும்பு போட்டாயா?" என்று கேட்டார். தம்பி கொதிநிலையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டான்.

புது பாக்கெட்டில் "ராத்திரி ஃபிரிட்ஜில் ஊறவைக்கவும், வெந்நீரில் போடாதீர்கள்" என்று முதல் வரியாகவே போடப்போகிறோம். கோயம்புத்தூர்க்காரருக்கு ஒரு பாக்கெட் சும்மா அனுப்பியாச்சு.