நாலு வருஷம் ஓடாத மாருதி 800: எங்கே தொடங்குவது?

கேள்வி: கார்புரேட்டர் மாடல், வெட்டவெளியில நின்ன வண்டி. புது பேட்டரி போட்டு நேரா ஸ்டார்ட் பண்ணலாமா?

பதில்: வேண்டாங்க. இன்ஜினுக்குள்ள பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரிங் துருப்பிடிச்சு ஒட்டியிருந்தா சிலிண்டர் கீறிடும். மூணு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்க. மறுநாள் கிராங்க் புல்லி (இன்ஜினோட சேர்ந்து சுத்துற பெல்ட் சக்கரம்) போல்ட்ல ஸ்பேனர் போட்டுக் கையால சுத்துங்க. தடையில்லாம ரெண்டு சுத்து வந்தா ஆயில், ஃபில்டர், டைமிங் பெல்ட் மாத்திட்டு அப்புறம் பேட்டரி.

பதில்: பழைய பெட்ரோலை முழுசா இறக்கிடுங்க. பிசினாகி கார்புரேட்டர்ல பெட்ரோல் போற சின்ன ஓட்டையான ஜெட்டை அடைச்சிருக்கும். கம்பியால குத்தாதீங்க, ஓட்டை பெரிசாகி மைலேஜ் போயிடும்.

பதில்: செலவு பண்ணுறதுக்கு முன்னாடி கால் வைக்கிற மேட்டை (mat) தூக்கி, ஃப்ளோர் துருப்பிடிச்சிருக்கான்னு ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. உள்ளே இறங்கினா வெல்டிங்தான், பட்டி பூசி மறைக்கவே கூடாது. பின்சக்கர பிரேக்கோட வீல் சிலிண்டர் கசிஞ்சிருந்தா பிரேக் லைனிங்கும் நனைஞ்சிருக்கும், சேர்த்தே மாத்துங்க.