எனிக்மா என்ற பன்மைய மூளைப்பட ஆய்வுக்குழுவில் சேர 80 ஸ்கேன் போதுமா? படங்களை வெளியே அனுப்பியே ஆகணுமா?

புறணி_மாணவி:
மனச்சிதைவு உள்ளவர்கள் 40 பேர், ஒப்பீட்டுக்கு 40 பேர். எல்லாருக்கும் டி1 எம்ஆர்ஐ (மூளையின் அமைப்பைக் காட்டும் ஸ்கேன்) இருக்கிறது. படங்களை வெளியே தர எத்திக்ஸ் கமிட்டி சம்மதிக்காது. நடுவில் ஸ்கேனரும் அப்கிரேட் ஆகிவிட்டது. எனிக்மா மாதிரி பன்மைய ஆய்வுக்குழுவில் சேர முடியுமா? எதைத் தயார் செய்யணும்?

ஹிப்போ:
படம் உங்கள் கணினியைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு மையமும் ஒரே ஸ்கிரிப்டைத் தன்னிடமே ஓட்டி, விளைவளவு (இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம்), திட்டப்பிழை (அந்த அளவு எவ்வளவு முன்பின் ஆகலாம்), ஆள் எண்ணிக்கை மட்டும் அனுப்பும். எல்லா மைய முடிவுகளையும் இணைக்கும் மெட்டா பகுப்பாய்வுக்கு அது போதும். சில ஆய்வுகள் ஆள்வாரி அட்டவணையும் கேட்கும். கமிட்டியிடம் இரண்டுக்கும் சேர்த்தே அனுமதி கேளுங்கள்.

80 பேர் தனியாகப் போதாது, அதற்காகத்தானே குழுவே! நோயாளி, ஒப்பீடு என்று பக்கத்துக்கு 40 என்றால் திட்டப்பிழை சுமார் 0.22. எனிக்மா 2016ல் வெளியிட்ட முடிவுகளில் ஹிப்போகாம்பஸ் (நினைவுக்கு முக்கியமான மூளைப்பகுதி) கன அளவுக் குறைவின் விளைவளவு மனச்சிதைவில் 0.46, மனச்சோர்வில் வெறும் 0.14. இந்த 0.14ஐ 80% பவரோடு (வித்தியாசம் நிஜமாக இருந்தால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) பிடிக்கப் பக்கத்துக்கு 800 பேராவது வேண்டும்.

வெண்பொருள்:
குழு சொல்லும் ஃப்ரீசர்ஃபர் (மூளைப் படத்தை அளக்கும் மென்பொருள்) பதிப்பையே 80 பேருக்கும் ஓட்டுங்கள். பாதியில் பதிப்பு மாறினால் புறணியின் (மூளையின் வெளி அடுக்கு) தடிமன் அளவும் மாறும். ஒருவருக்குப் பல மணி நேரம் ஆகும். முடிவில் 68 புறணிப் பகுதிகளின் தடிமனும் பரப்பும் கிடைக்கும்.

எண்களை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். சில இடங்களில் மென்பொருள் மூளை உறையையும் புறணி என்று சேர்த்துக் கோடு போட்டிருக்கும். படத்தைத் திறந்தால்தான் தெரியும். அதைவிட மோசம் தலை அசைவு. அசைந்த படத்தில் புறணி உள்ளதைவிட மெலிந்து தெரியும். நோயாளிகள்தான் பொதுவாக அதிகம் அசைவார்கள் என்பதால் இந்தப் பிழை ஒரே பக்கம் சாய்ந்து, நோயின் விளைவு போலவே வேஷம் போடும். யார் எந்தப் பக்கம் என்று தெரியாத ஒருவர் தரம் பார்க்கட்டும்.

அட்டவணையில் விடுபட்ட அளவை 0 என்று போடாதீர்கள், சராசரி கெடும். நோயாளி 1, மற்றவர் 0 என்ற குறியீடு தலைகீழானால் உங்கள் மையத்தின் விளைவு மட்டும் எதிர்த்திசையில் போகும்.

காம்பேட்_ரசிகன்:
அப்கிரேடுக்கு முன், பின் இரண்டையும் தனித்தனி தளமாகக் காட்டுங்கள். காம்பேட் (ஸ்கேனர் வித்தியாசத்தைக் கழிக்கும் புள்ளியியல் முறை) ஓட்டினால் வயது, பாலினம், நோய்நிலை மூன்றையும் அதன் மாடலில் வையுங்கள். நோய்நிலையை விட்டால் நிஜ வித்தியாசத்தையும் ஸ்கேனர் பிசிறென்று கழித்துவிடும். ஒரு தளத்தில் நோயாளிகள் மட்டும் இருந்தால் எந்த முறையும் கை கொடுக்காது. முன், பின் எத்தனை பேர்?

புறணி_மாணவி:
முன்: 31 நோயாளிகள், 9 பேர் ஒப்பீட்டுக்கு. பின்: 9, 31.

காம்பேட்_ரசிகன்:
சேரலாம். இரண்டு தளத்தையும் தனியே கணக்கிட்டு இணைத்தால் திட்டப்பிழை 0.27 ஆகும். அதாவது, மாறாத ஒரே ஸ்கேனரில் பக்கத்துக்கு 28 பேரை எடுத்த மாதிரி. இனி எடுப்பவர்களில் நோயாளிகளையே கூட்டுங்கள்.