சடங்கு நடக்கும்போது மேலே ட்ரோன் பறக்கலாமா?

உயரப்பார்வை:
எட்டு ஆண்டுகளாகத் திருமணங்களை ட்ரோனில் படம்பிடித்து வருகிறேன். இப்போது பேச வருகிறவர்களில் பலர், "சடங்கு நேரத்தில் ட்ரோன் வேண்டாம், முன்னும் பின்னும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். யாரோ ஒருவர் மணமக்களின் தலைக்கு மேல் ஐந்து மீட்டரில் ட்ரோனை நிறுத்தியதற்கு எங்கள் எல்லோருக்கும் தண்டனை.

தள்ளி நின்று எடுத்தால் தொந்தரவு இருக்காது என்பதே என் வாதம். திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபெல் குறையும். 10 மீட்டரில் இருந்த ட்ரோனை 40 மீட்டருக்குக் கொண்டுபோனால் 12 டெசிபெல் குறைந்துவிடும். முன்பு பெரும்பாலும் அகலக்கோண லென்ஸ் மட்டும் இருந்ததால் கிட்டே போக வேண்டியிருந்தது. 2023-இல் வந்த மேவிக் 3 ப்ரோ ட்ரோனில் 24, 70, 166 மி.மீ. என மூன்று லென்ஸ்கள் இருக்கின்றன. 10 மீட்டரிலிருந்து 24 மி.மீ. லென்ஸில் கிடைக்கும் காட்சி, 70 மி.மீ. லென்ஸில் ஏறக்குறைய 30 மீட்டரிலிருந்தே கிடைத்துவிடும். பிறகு எதற்குத் தடை?

ஒலிக்காரன்:
நான் திருமணங்களில் ஒலிப்பதிவு செய்கிறவன். உங்கள் கணக்கு சரி. ஆனால் டெசிபெல்லோடு கணக்கை முடித்துவிட்டீர்கள்.

இரண்டு இறக்கைகள் கொண்ட விசிறி நிமிடத்துக்கு 6000 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 200 முறை காற்றை அடிக்கிறது. அதாவது 200 ஹெர்ட்ஸ். பெண் குரலின் அடிநாதமும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. நான்கு மோட்டார்களும் ஒரே வேகத்தில் சுற்றுவதும் இல்லை. காற்று வீசும்போதெல்லாம் ஒவ்வொன்றும் தன் வேகத்தை மாற்றி மாற்றிச் சமாளிக்கிறது. சீரான இரைச்சலைக் காது சிறிது நேரத்தில் மறந்துவிடும். ஏறி இறங்கும் ரீங்காரத்தை மறக்க முடியாது. 2017-இல் நாசாவின் லாங்லி ஆய்வு மையம் ட்ரோன் ஒலியையும் சாலை வண்டிகளின் ஒலியையும் ஆட்களுக்குக் கேட்க வைத்துச் சோதித்தது. ஒரே அளவு சத்தத்திலும் ட்ரோன்தான் அதிக எரிச்சல் தருவதாகக் கேட்டவர்கள் மதிப்பிட்டார்கள்.

ஒரு பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. மணமகனின் சட்டையில் மைக் மாட்டியிருந்தேன். அவருடைய தாய் அருகே வந்து, குரல் உடைந்து, நான்கே வார்த்தைகள் சொன்னார். அந்த நான்கு வார்த்தைகளுக்கும் அடியில் ரீங்காரம். மென்பொருளில் அதை நீக்க நீக்க, தாயின் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிட்டது. கடைசியில் ரீங்காரத்தோடேயே கொடுத்தேன். அந்தக் குரலை இன்னொரு முறை பதிவு செய்ய முடியுமா, சொல்லுங்கள்.

உயரப்பார்வை:
அந்த ட்ரோன் எவ்வளவு தூரத்தில் இருந்தது?

ஒலிக்காரன்:
சுமார் 15 மீட்டர். உங்கள் 40 மீட்டரில் பாதிக்கும் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று பறக்கவிட்டவரும் தொடங்கும் முன் "தள்ளித்தான் இருப்பேன்" என்றுதான் சொன்னார். நல்ல காட்சி கண்ணில் பட்டதும் நெருங்கிவிட்டார். நீங்களும் கையில் கட்டுப்பாட்டுக் கருவியோடு நிற்கிறவர்தான். நெருங்கத் தோன்றியதே இல்லையா?

முன்வரிசை:
இருவருமே காதைப் பற்றிப் பேசுகிறீர்கள். என் தங்கையின் திருமணத்தில் நடந்தது வேறு. மாலை வெயில் சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. மணமக்கள் ஒருவரையொருவர் பார்த்து நின்ற நேரத்தில், கையகல நிழல் ஒன்று தங்கையின் நெற்றியிலிருந்து கன்னம் வழியாக நகர்ந்து போனது. அவள் அண்ணாந்து பார்த்தாள். அவள் பார்த்ததும் நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஒலி பெரிதாக இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கணத்தில் அத்தனை பேரும் மணமக்களை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். படத்தில் அது அழகாகத் தெரிகிறது, எல்லோரும் மேலே பார்த்துச் சிரிப்பது போல. அங்கே இருந்த எனக்குத்தான் தெரியும், என்ன போயிற்று என்று.

மணநாள் நினைவு:
நான் ட்ரோன் பக்கம்தான் நிற்பேன். என் திருமணத்தில் சடங்கு நேரம் முழுவதும் அது பறந்தது. எனக்கு அது கேட்டதாக நினைவில்லை. அன்று எனக்கு எதுவுமே கேட்கவில்லை என்பதும் உண்மை. அந்தக் காட்சியில்தான் என் அப்பாவைப் பார்த்தேன். எல்லோரும் முன்னே நெருங்கி நிற்க, அவர் மட்டும் கூட்டத்தின் பின்விளிம்பில், ஒரு மரத்தடியில், முதுகைத் திருப்பிக்கொண்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தரையில் நின்ற மூன்று கேமராக்களில் ஒன்றிலும் அது இல்லை. அப்பா இப்போது இல்லை. அந்த ஏழு நொடிகளை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. சத்தம், நிழல் என்று நீங்கள் சொல்வதெல்லாம் புரிகிறது. ஆனால் சடங்கு நேரத்தில் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் அந்த ஏழு நொடிகள் எனக்குக் கிடைத்திருக்காது.

முன்வரிசை:
இதைப் படித்து நெடுநேரம் பதில் எழுதாமல் இருந்தேன், சகோதரி. ஆனாலும் கேட்க வேண்டியிருக்கிறது. யாரும் பார்க்கக் கூடாது என்றுதானே அவர் முதுகைத் திருப்பி நின்றார்? உங்கள் கையில் இருப்பதால் அது பொக்கிஷம். அதே காட்சி விருந்தினர் எல்லோருக்கும் போன தொகுப்பில் இருந்திருந்தால்?

மணநாள் நினைவு:
இருந்தது. அவரே பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்விட்டார். நீங்கள் கேட்ட பிறகுதான் அதை இப்படியும் நினைத்துப் பார்க்கிறேன். காட்சி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை. தொகுப்பில் சேர்க்கும் முன் அவரைக் கேட்டிருக்க வேண்டும்.

விழுந்தால்:
யாரும் தொடாத ஒன்று பாதுகாப்பு. 2015 டிசம்பரில் இத்தாலியின் மடோன்னா டி காம்பிலியோவில் பனிச்சறுக்கு வீரர் மார்செல் ஹிர்ஷர் போட்டியிட்டுக்கொண்டிருந்தபோது, படம்பிடித்துக்கொண்டிருந்த ட்ரோன் அவருக்குச் சற்றுப் பின்னால் விழுந்து நொறுங்கியது. தொலைக்காட்சி ஒளிபரப்புக்காகத் தொழில்முறையில் இயக்கப்பட்ட ட்ரோன் அது. காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 20 மீட்டரிலிருந்து விழும் பொருள் மணிக்குச் சுமார் 70 கி.மீ. வேகத்தில் தரையைத் தொடும். வரிசையாக நாற்காலிகளில் அமர்ந்திருப்பவர்கள் எழுந்து ஓட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில், முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய 'திறந்த' பிரிவின் விதிகளில், 250 கிராமுக்குக் குறைந்த ட்ரோனும்கூடக் கூட்டத்தின் மேல் பறக்கக் கூடாது. நெரிசலால் நினைத்தவுடன் விலகிப்போக முடியாத மக்களைத்தான் அங்கே கூட்டம் என்கிறார்கள்.

மண்டபத்துக்குள் பறக்கவிடுகிறவர்களைப் பற்றி எழுதினால் கோபம்தான் வரும். உள்ளே ஜி.பி.எஸ். சரியாகக் கிடைக்காது. ஒரே இடத்தில் நிற்க உதவும் கீழ்நோக்கிய கேமராவும் மங்கிய வெளிச்சத்தில் தடுமாறும், ட்ரோன் தானாக நகரும். தொடர்பு அறுந்து, புறப்பட்ட இடத்துக்குத் தானாகத் திரும்பும் 'வீடு திரும்பு' வசதி வேலைசெய்யத் தொடங்கினால், பல ட்ரோன்கள் முதலில் உயரே எழும்பப் பார்க்கும். உயரே இருப்பது கூரை.

உயரப்பார்வை:
மண்டபத்துக்குள் நான் ஒருபோதும் பறக்கவிட்டதில்லை. கூட்டத்தின் மேலும் இல்லை. எப்போதும் பக்கவாட்டில், ஆளில்லாத நிலத்தின் மேல்தான். அதனால் விழுந்தாலும் யார் மீதும் விழாது. நிழலை இதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சூரியன் எந்தப் பக்கம் என்று பார்ப்பேன், ஆனால் படத்தில் வெளிச்சம் எப்படி விழும் என்பதற்காகத்தான்.

ஒலிக்காரரே, நெருங்கத் தோன்றியிருக்கிறதா என்று கேட்டீர்கள். தோன்றியிருக்கிறது, நெருங்கியும் இருக்கிறேன். சடங்கு தொடங்கும் முன்பே மேலே ஏற்றி, ஒரே இடத்தில் அசையாமல் நிறுத்திவிட்டால் அந்த ஆசைக்கு இடமில்லை. கேமராவை மட்டும் திருப்பிக்கொள்ளலாம். மணமக்கள் பேசும் அந்தச் சில நிமிடங்களுக்கு முன் 100 மீட்டருக்கு அப்பால் கொண்டுபோய்விடலாம். இதையும் ஏற்கமாட்டீர்களா?

ஒலிக்காரன்:
100 மீட்டர் என்றால் பதிவில் எனக்குப் புகார் இருக்காது. அது மெல்ல விலகிப் போகும்போது எழும் ஒலிதான் கவலை. பேச்சு தொடங்க ஐந்து நிமிடம் முன்பே போய்விடுங்கள். எப்போது பேசுவார்கள் என்று என்னைக் கேளுங்கள். மைக் என்னிடம் இருப்பதால் எனக்கு முன்கூட்டியே தெரியும். இத்தனை திருமணங்களில் எந்த ட்ரோன்காரரும் என்னிடம் வந்து அதைக் கேட்டதில்லை.

விழுந்தால்:
எனக்கு இன்னும் உடன்பாடில்லை. காற்று திசை மாறினால் பக்கவாட்டில் நிற்பது கூட்டத்தின் மேல் வர எத்தனை நொடி ஆகும்?

உயரப்பார்வை:
காற்று அதிகமென்றால் ஏற்றவே மாட்டேன். பணம் கொடுத்தவர் கோபித்தாலும் ஏற்றியதில்லை. அடுத்த வாரம் ஒரு திருமணம் இருக்கிறது. வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு முதல் வரிசையில் ஒரு ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, 40 மீட்டரில் எப்படிக் கேட்கிறது, 100 மீட்டரில் எப்படிக் கேட்கிறது என்று பதிவு செய்து இங்கே எழுதுகிறேன்.

முன்வரிசை:
எழுதுங்கள், காத்திருக்கிறேன். அப்படியே, காது கேட்கும் கருவி அணிந்தவர் யாராவது அங்கே இருந்தால் அவரிடமும் கேளுங்கள். என் பாட்டிக்குப் பேச்சும் இரைச்சலும் சேர்ந்து வந்தால் பேச்சைப் பிரித்தெடுக்க முடியாது. தங்கையின் திருமணத்தில் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். "என்ன சொன்னார்கள், என்ன சொன்னார்கள்" என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.