பையனின் மெத்தை நடுவில் குழிகிறது, என்ன செய்யலாம்?

ரங்கூன் அம்மா:
பையனுக்கு ஐந்து வயது. இத்தனை நாள் எங்களோடு பாயில்தான் படுத்தான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை தனியாகப் படுத்துப் பழகட்டும் என்று அவன் தாத்தா வீட்டுப் பழைய தேக்குக் கட்டிலைக் கொண்டுவந்து, நாலு அங்குல ஃபோம் மெத்தை வாங்கிப் போட்டோம். படுத்தால் இடுப்பு கீழே இறங்கி, தலையும் காலும் மேலே நிற்கிறது. ராத்திரி கரண்டு போய் ஃபேன் நின்றால் முதுகெல்லாம் வேர்த்துப்போய், எழுந்து வந்து எங்கள் நடுவில் புகுந்துகொள்கிறான். எப்போதாவது படுக்கையை நனைப்பான் என்பதால் மெத்தையோடு வந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை. வேறு மெத்தை வாங்க இப்போது வசதிப்படாது. மேலே தடியாக ஏதாவது விரித்தால் சரியாகுமா?

மோல்மேன் தச்சர்:
மேலே எதையும் விரிக்காதீங்க அக்கா, முதலில் மெத்தையைத் தூக்கிக் கீழே பாருங்க. அந்தக் காலத்துக் கட்டிலில் குறுக்குச் சட்டம் நாலைந்துதான் இருக்கும், பலகையைப் பரப்பி அதன் மேல் பாய் போட்டுப் படுப்பார்கள். ஃபோமுக்கு அது போதாது. சட்டத்துக்குச் சட்டம் மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் மெத்தை அந்தச் சந்தில் தொங்கத்தான் செய்யும்.

மெத்தையைத் தரையில் போட்டுப் பையனை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்க. கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பு ஒரே நேராக இருந்தால் மெத்தையில் குறை இல்லை, கட்டில்தான் காரணம். தரையிலும் குழிந்தால் ஃபோம் செத்துப்போச்சு, தலைமாடு கால்மாடு மாற்றிப் போட்டுக் கொஞ்ச நாள் ஓட்டலாம், அவ்வளவுதான்.

கட்டில்தான் என்றால் நடுவில் ரீப்பர், அதாவது ஒடுங்கலான மரச்சட்டம், சேர்த்து ஸ்க்ரூ போட்டு முடுக்குங்க. ஆணி வேண்டாம், பிள்ளை குதிக்கிற குதியில் மேலே எழும்பிவிடும். முழு பிளைவுட் போட்டு மூடுகிறவர்களும் உண்டு, மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழை ஊற்றுகிற நம் ஊருக்கு அது ஆகாது, அடியில் காற்றில்லாமல் மெத்தையில் பூஞ்சை பிடிக்கும்.

பெகு அக்கா:
தம்பி சொன்னது சரி, ஆனால் ராத்திரி அவனை எழுப்புவது அந்தப் பிளாஸ்டிக் உறைதான் என்று தோன்றுகிறது. வேர்வை போக வழியே இல்லையே. அதை இன்றைக்கே கழற்றிவிட்டு, இடுப்பு படுகிற இடத்தில் மட்டும் ரப்பர் ஷீட் போட்டு, மேலே பழைய பருத்திக் கைலியை இரண்டாக மடித்து விரிங்க. வெயில் காலத்தில் மெத்தை மேல் தின்பியூ என்கிற பர்மியப் பாய் போட்டால் சூடு ஏறாது, பாயில் பழகிய பிள்ளைக்கு அது பிடிக்கவும் செய்யும். கரண்டு போகிற நேரத்தில் கொசுவலை காற்றை மறைக்கும்தான், அதற்காக வலையைத் தூக்கிவிடாதீங்க.

பின்னால் மெத்தை மாற்றினால் இலவம்பஞ்சு பாருங்க. வெயிலில் போட்டுத் தட்டினால் உப்பி வரும். ஆனால் ஈரம் பட்டால் கட்டி கட்டியாகிவிடும், மழை நாளில் காயவைப்பது பெரிய பாடு.

சிரியம் மருமகள்:
நடுவில் கேட்கிறேன், மன்னிக்கணும். என் எட்டு மாதப் பெண்ணின் தொட்டில்கட்டிலும் கட்டாந்தரை மாதிரி இருக்கிறது. இலவம்பஞ்சு மெத்தையும் சின்னத் தலையணையும் போடலாமா?

பெகு அக்கா:
வேண்டவே வேண்டாம்மா. ஒரு வயது ஆகும்வரை தட்டையான, அழுத்தினால் அமுங்காத மெத்தைதான் வேண்டும், மல்லாக்கப் படுக்க வைக்கணும். தலையணை, தடிப் போர்வை, பொம்மை எதுவும் கூடாது. மெத்தென்று இருந்தால் முகம் புதைந்து மூச்சு முட்டும். கட்டாந்தரை என்று நமக்குத்தான் தோன்றுகிறது. மெத்தைக்கும் கட்டில் விளிம்புக்கும் நடுவில் சந்து இருக்கிறதா என்றும் பார்த்துக்கோ.

ரங்கூன் அம்மா:
மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன், சட்டங்களுக்கு நடுவில் ஒரு சாண் இருக்கிறது! தரையில் போட்டால் குழியவில்லை. பிளாஸ்டிக்கைக் கழற்றியாச்சு. ரீப்பருக்குப் பதில் மூங்கில் பிளாச்சு போடலாமா தம்பி? அது வீட்டிலேயே கிடக்கிறது.

மோல்மேன் தச்சர்:
தாராளமாக, முற்றிய மூங்கிலாக இருந்தால். பச்சை மூங்கிலை அப்படியே போட்டால் உளுத்து மாவாகக் கொட்டும், சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காயவைத்துத்தான் ஸ்க்ரூ போட்டு முடுக்கணும். வழவழப்பான பக்கம் மேலே வரட்டும், கணுவைச் சீவி உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்க, இல்லையென்றால் மெத்தைத் துணி கிழியும்.